ரப்பெற் கவரும் நத்தார் கேக்கும்

நன்றாக ஓடுகிற காரைக் கழற்றிப்போட்டுப் பெயின்ற் அடிக்க வெளிக்கிட்டவள் அளம்பில் ஊர்ப் பக்கத்தில் சுசிலா ஒருத்தியாகத்தான் இருப்பாள். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மெக்கானிக் வந்து, அரை நாள் குனிந்து நிமிர்ந்து, பிளக்குகளை மாற்றி, பெற்றோல் குழாயை வாயால் ஊதி, காரை உறுமவைத்துக் காட்டிவிட்டுத்தான் போனான். போகும்போது ஒரு சொல்லையும் விட்டுவிட்டுப் போனான்.

"உள்ளுக்கு எஞ்சின் தங்கம் அக்கா. வெளியாலைதான் உப்புக் காத்துத் திண்டுபோட்டுது."

அத்தோடு பொனற்றை மூடியிருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திராது. ஆனால் அந்த 'வெளியாலை' சுசிலாவின் காதுக்குள் கிடந்து குடைந்தது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். அது அவளுடையது அல்ல. தம்பி றஜித் சுவிசுக்குப் போவதற்கு முதல், கலியாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று யாழ்ப்பாணத்தில் தேடி வாங்கிய மொறிஸ் மைனர். இரண்டு மாப்பிள்ளைகளை ஏற்றியதோடு அதன் தொழில் முடிந்தது. பிறகு ஒன்பது வருடம் சுசிலா வீட்டுத் தகரக் கொட்டிலில், அவளுடைய மனிசன் யாக்கோப்புவின் கிழிந்த வலைகளுக்குக் கீழே குந்தியிருந்தது. அந்த ஒன்பது வருடமும் சுசிலா சும்மா இருக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போய்ப் போய்க் கார் பழகினாள். முதல் தரமே சோதனையில் தேறி லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த லைசென்சை அலுமாரிக்குள் ஞானஸ்நானப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டினாள். ஓட்டுவதற்கு ஒரு கார் கையில் இருந்தால்தானே?

நவம்பரில் றஜித் போன் எடுத்தான்.

"அக்கா, நத்தாருக்கு வாறன். வந்த கையோடை காரை வித்துப்போட்டுத்தான் போவன். வவுனியா நெளுக்குளத்திலை ஒராள் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

"விக்காதை தம்பி. எனக்குத் தா. நான் ஓட்டுறன்."

றஜித் சிரித்தான். சுவிசிலிருந்து காசு கட்டிப் பேசுகிறவன் அவ்வளவு நேரம் சிரிக்கக்கூடாது.

"உன்னாலை அதை ஸ்ராற் பண்ணவே ஏலாதக்கா."

"பண்ணினா?"

"ஸ்ராற் பண்ணி, என்னை ஏத்திக்கொண்டு சந்தி மட்டுக்கும் ஓட்டிக் காட்டு. கார் உனக்கு. இல்லாட்டி நெளுக்குளத்தாருக்கு."

"மாதாவாணை?"

"மாதாவாணை."

நாளும் குறித்தாயிற்று. நத்தாருக்கு முதல்நாள், டிசம்பர் இருபத்துநாலு, காலை பத்து மணி.

இப்படி ஒரு பந்தயம் தலைக்குமேல் தொங்க, ஓடுகிற எஞ்சினில் கை வைக்கலாமா? வைக்கக்கூடாது. சுசிலாவுக்கும் அது தெரியும். ஆனால் ஆசை யாரை விட்டது? தம்பி பொனற்றைத் திறக்கவேண்டும், திறந்த வாய் மூடாமல் நிற்கவேண்டும், தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பெல்லாம் அவன் தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போகவேண்டும். அதற்காகவே அவள் கிளிநொச்சிக்கு ஆள் அனுப்பி, சூடு தாங்கும் பெயின்ற் என்று எழுதிய ஸ்பிறே ரின் இரண்டு எடுப்பித்தாள். ஒன்று வெள்ளி. மற்றது செவ்வரத்தம் பூச் சிவப்பு.

வெள்ளி, மனிபோல்டுக்கு. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய்க் கூட்டம் அது. ஒன்பது வருடக் கடற்காற்றில் பழைய நங்கூரம்மாதிரிச் சொறிபிடித்துக் கிடந்தது. சிவப்பு, ரப்பெற் கவருக்கு. எஞ்சினின் தலையில் கவிழ்ந்திருக்கிற நீளமான தகர மூடிக்கு மெக்கானிக் சொன்ன பெயர் அதுதான். இரண்டு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிறஷ்ஷால் உரஞ்சி, பிறஷ் போகாத இடுக்குகளை யாக்கோப்புவின் பல்விளக்கும் பிறஷ்ஷால் தேய்த்தாள். அந்தப் பிறஷ்ஷைக் கழுவித் திரும்ப வைத்தாளா என்பதை இன்றுவரை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

பெயின்ற் அடிக்கிற அன்று கடலிலிருந்து காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. ஈரப் பெயின்றில் மணல் விழுந்தால் தொலைந்தது. சுசிலா யோசித்தாள். உள்ளே போய்க் கட்டிலில் கட்டியிருந்த நுளம்பு வலையைக் கழற்றிக்கொண்டு வந்து, முற்றத்து வேப்பமரக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டாள். சாமான்களோடு தானும் வலைக்குள் புகுந்து, மூக்கைத் துவாயால் கட்டிக்கொண்டு அடித்தாள். ஒரு மெல்லிய பூச்சு. பத்து நிமிடம். இன்னொரு பூச்சு. இன்னொரு பத்து நிமிடம். மூன்றாவது பூச்சில் அந்த ரப்பெற் கவர் சிவந்த சிவப்பைக் கண்டு அவளுக்கே வெட்கம் வந்தது.

களப்பிலிருந்து வந்த யாக்கோப்பு வலையைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"என்னப்பா, எஞ்சினுக்கு டெங்குவே? வலைக்குள்ளை படுக்க வைச்சிருக்கிறாய்?"

"கிட்ட வராதேங்கோ. மண் பறக்குது."

"நான் இண்டைக்கு எதுக்குள்ளை படுக்கிறது?"

வலையில் பாதி சிவப்பு, பாதி வெள்ளி. 

இனித்தான் வில்லங்கம். பெயின்ற் காய்ந்தால் மட்டும் காணாதாம். இருநூறு பாகைச் சூட்டில் ஒரு மணித்தியாலம் கிடந்தால்தான் இறுகிப் பிடிக்குமாம். ரின்னில் பெரிய எழுத்தில் அப்படி இருந்தது. பூட்டிவிட்டுக் காரை ஓட்டினால் எஞ்சின் சூட்டிலேயே அது தானாக இறுகும் என்று அதற்குக் கீழே சின்ன எழுத்திலும் இருந்தது. சுசிலா அன்று கண்ணாடி போடவில்லை.

மனிபோல்டை அவள் சிரட்டைக் கரியில் வாட்டினாள், கருவாடு வாட்டுவதுபோலத் திருப்பித் திருப்பி. அது தடித்த இரும்பு; தாங்கியது. ரப்பெற் கவரோ மெல்லிய தகரம். கரியில் வைத்தால் புகை பிடித்துச் சிவப்பெல்லாம் கறுத்துப் போகும். அதற்கு நாலு பக்கமும் ஒரே சீரான சூடு வேண்டும். அப்படி ஒரு சூடு ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. கனகலிங்கத்தாரின் பேக்கரியில் பாண் சுடுகிற போறணை.

நத்தார்க் கிழமையில் அந்தப் போறணைக்கு இருக்கிற மதிப்பு சொல்லி முடியாது. வீடுகளில் கேக் குழைத்து, தகரத்தில் ஊற்றி, பெண்கள் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பாண் வெந்து இறங்கிய மிச்சச் சூட்டில் ஊர்க் கேக் எல்லாம் வேகும். கனகலிங்கத்தார் சைவக்காரர். மாலை போட்ட சாமிகள்கூட அவ்வளவு சுத்தம் பார்க்கமாட்டார்கள். பாணும் கேக்கும் தவிர வேறொன்றையும் உள்ளே விடமாட்டார். போன வருடம் ஒருவர் பன்றித் துடை ஒன்றைக் கொண்டுபோய், சந்தி மட்டும் பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார். அப்படிப்பட்டவரிடம் எஞ்சின் மூடியை நீட்ட முடியுமா?

சுசிலா பொய் சொல்ல முடிவெடுத்தாள். முடிவெடுத்த பிறகு அதை ஒழுங்காகவே செய்தாள். பேக்கரியில் கிடந்த பாண் தகரங்களில் ரப்பெற் கவரின் அளவுக்குச் சரியான நீளத் தகரம் ஒன்றை, சாணால் அளந்து, இரவல் வாங்கினாள். வழக்கமான நத்தார் கேக்கை அதில் ஊற்றினாள். கேக் தகரத்தையும் ரப்பெற் கவரையும் அலுமினியப் பேப்பரால் ஒரேமாதிரிச் சுற்றினாள். இரட்டைப் பிள்ளைகளே தோற்றுப்போவார்கள்.

"இரண்டும் கேக்தான், அண்ணை. இந்தப் பாரம் குறைஞ்சது மட்டும் புதுவிதமான கேக். மற்ற எல்லாரின்ரையும் எடுத்தாப்பிறகு, கடைசியா வையுங்கோ. ஒரு மணித்தியாலம்."

"என்ன போட்டுச் செய்தனீங்கள்?"

"அது... வெளிநாட்டு முறை."

கனகலிங்கத்தார் தலையை ஆட்டி வாங்கி வைத்தார். சுசிலா கோயிலுக்குப் பாலன் குடில் கட்டப் போனாள். போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் விடிய, றஜித் வருகிற அன்று, மனிபோல்டைப் பூட்டி முடித்துவிட்டுக் குசினிக்கு வந்தாள். மேசையில் அலுமினியப் பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தாள். உள்ளே பொன்னிறமாக, முந்திரிகை வற்றல் எட்டிப் பார்க்க, கேக். மற்றப் பொட்டலத்தைத் தேடினாள். அலுமாரியில் இல்லை. கதிரைக்குக் கீழே இல்லை.

"இஞ்சேருங்கோ! பேக்கரியிலை எத்தினை தந்தவர்?"

"ரெண்டு."

"மற்றது எங்கை?"

யாக்கோப்பு பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினான். "பாதர் பூசையிலை சொன்னவரெல்லே, முதியோர் இல்லத்துக்கு வீட்டுக்கொரு கேக் தாங்கோ எண்டு. ராத்திரி வாற வழியிலை பாதரின்ரை மிசன் வீட்டிலை உன்ரை பேர் எழுதிக் குடுத்திட்டு வந்தன். நீ ரெண்டு செய்தது அதுக்குத்தானே?" பிறகு குரலைத் தணித்து, "பாரம் கூடினதை எங்களுக்கு வைச்சிட்டன்" என்றான்.

சுசிலாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிசன் வீட்டுக்குப் போன் எடுத்தாள். பாதர் முப்பத்துநாலு கேக்கையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு விடிய ஆறு மணிக்கே ஒட்டுசுட்டான் பக்கம் போய்விட்டார் என்று சமையல்காரப் பெண் சொன்னாள். பாதருடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

மணி எட்டு. எஞ்சினின் தலை மூடியில்லாமல் ஆவென்று திறந்து கிடந்தது. அப்படியே ஓட்டினால் எண்ணெய் நாலு பக்கமும் சீறும். அவள் பிழைதான். ஓடின காரைக் கழற்றியது அவள். பொய் சொன்னது அவள். வாய் திறந்து மனிசனிடம் ஒரு சொல் சொல்லாமல் விட்டதும் அவள்.  இருந்த கதிரையிலேயே இருந்து, மேசையில் இருந்த கேக்கை முறைத்தாள். கேக் இருந்த தகரத்தை முறைத்தாள். முறைத்துக்கொண்டே எழும்பினாள்.

சாணால் அளந்து எடுத்த தகரமல்லவா!

கேக்கைத் தட்டில் கவிழ்த்துக் கொட்டினாள். தகரத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடி, எஞ்சின் தலையில் கவிழ்த்துப் பார்த்தாள். அச்சொட்டாக இருந்தது. "மாதாவே" என்று கத்திய கத்தலில் யாக்கோப்பு ஓடிவந்தான். விசயத்தை அப்போதுதான் அவனுக்குச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. சிரித்தால் நத்தார்ச் சாப்பாடு இல்லை என்று தெரிந்தவன். ஆணியும் சுத்தியலும் எடுத்து, அவள் காட்டிய இரண்டு இடத்திலும் ஓட்டை போட்டான். எண்ணெய் கசியாமல் விளிம்புக்கு றப்பர் வேண்டும் என்றாள். யாக்கோப்பு தன் சைக்கிளை ஒரு கணம் பார்த்தான். பிறகு முன்சில்லைக் கழற்றி, ரியூப்பை நீளமாக வெட்டிக் கொடுத்தான். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவன்மேல் அவளுக்கு இவ்வளவு ஆசை வந்தது அன்றுதான்.

கடைசி நட்டை இறுக்கிப் பொனற்றைச் சாத்தும்போது படலையில் ஆட்கள் நின்றார்கள். கறுப்புக் கண்ணாடியோடு றஜித். பக்கத்தில் நெளுக்குளத்துக் கதிர்காமநாதன், பழைய கார் வாங்கி விற்கிறவர், கமக்கட்டில் ஒரு பை. இரண்டு பேரும் பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள். திரும்பிப் போகக் கார் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. சுசிலாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

"கேக் சாப்பிடுங்கோ" என்று யாக்கோப்பு நொறுங்கிய கேக்கை நீட்டினான். "ஏனத்தான் இடி விழுந்தமாதிரிக் கிடக்கு?" என்றான் றஜித். ஆனாலும் மூன்று துண்டு சாப்பிட்டான்.

"சரியக்கா, ஸ்ராற் பண்ணு பாப்பம்."

சுசிலா ஏறினாள். சிலுவை போட்டாள். திறப்பைத் திருப்பினாள். கார் ஒரு தரம் இருமி, இரண்டாம் தரம் கனைத்து, மூன்றாம் தரம் பாட்டெடுத்தது. றஜித்தின் கையில் இருந்த நாலாவது துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அவள் படலையைத் தாண்டினாள். முதலாம் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். காற்று வந்து கொண்டையைக் குலைத்தது. வேலியோரக் கோழிகள் பறந்தன. சனம் திரும்பிப் பார்த்தது. அவளுக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. சத்தம்போட்டுப் பாடவேண்டும்போல இருந்தது. பாடவும் செய்தாள், பாலன் பாட்டில் இரண்டு வரி.

பாதித் தூரத்தில் ஒரு மணம் கிளம்பியது. எஞ்சின் சூடேற, தகரத்தில் ஒட்டியிருந்த கேக்கும் பட்டரும் திரும்ப வேகத் தொடங்கிவிட்டன. ஏலக்காயும் வனிலாவும் றோட்டு நீளத்துக்கும் மணத்தன. ஒரு நாய் காருக்குப் பின்னால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடிவந்தது.

சந்தியில் நிற்பாட்டியதும் றஜித் இறங்கிப் போய்ப் பொனற்றைத் தூக்கினான். அவள் கனவு கண்டமாதிரியே அவன் வாய் திறந்தது. ஆனால் கனவில் பாண் தகரம் இருக்கவில்லை. அடியில் 'கனகலிங்கம் பேக்கரி' என்று பொறித்த எழுத்து, வெள்ளி மனிபோல்டுக்கு மேலே தலைகீழாகப் பளபளத்தது. சந்தியில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். சிரிப்பு ஒரு கடையிலிருந்து மறுகடைக்குத் தாவியது.

கதிர்காமநாதன் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "ஒரு சொட்டு எண்ணெய் இல்லைத் தம்பி."

றஜித்தின் முகம் கறுத்தது. "பகிடி காணும். திறப்பைத் தா."

"சந்தி மட்டும் ஓட்டிட்டன்தானே? மாதாவாணை எண்டனி!"

"பாண் தகரத்தோடை ஓடினது ஒரு ஓட்டமே? ஊர் சிரிக்குது. பின்னாலை ஏறு, வீட்டை விட்டிட்டு நாங்கள் வெளிக்கிடுறம்."

அவன் திறப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏறினான். சுசிலா பின்சீற்றில் கதிர்காமநாதனுக்குப் பக்கத்தில் ஒடுங்கியிருந்தாள்.  இனி லைசென்ஸ் அலுமாரியிலேயே கிடந்து மக்கவேண்டியதுதான். இவ்வளவு கிட்ட வந்து போனதுதான் அவளால் பொறுக்க முடியாமல் இருந்தது.

அப்போது அவளுடைய போன் அடித்தது. பாதர். கார்ச் சத்தத்தில் கேட்காது என்று போனைச் சத்தமாக வைத்தாள்.

"சுசிலா, என்ன பிள்ளை இது கேக்? சிஸ்டர் வெட்ட வெளிக்கிட்டுக் கத்தி முனை முறிஞ்சு போச்சு. நாங்கள் என்னவோ கருகிப்போச்செண்டு நினைச்சிட்டம். பேப்பரைப் பிரிச்சா... என்ன வடிவான சிவப்பு! இஞ்சை ஒரு ஐயா அதைத் தன்ரை தலையணைக்குப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு தரமாட்டன் எண்டுறார்."

சுசிலாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கால் வந்தது. கதிர்காமநாதன் ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பையை மடியில் கவிழ்த்துக்கொண்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் பின்னால் இருந்து குலுங்கியதில் காரே குலுங்கியது.

"சிரிக்காதேங்கோ! எனக்கு ஓட ஏலாமக் கிடக்கு!" என்று றஜித் கத்தினான். கத்திக்கொண்டே மதகில் ஏற்றினான். ஒரு வாகனம் மட்டும் போகிற ஒடுக்கமான மதகு. நடுவில் போய்க் கார் குலுங்கி நின்றது.

ஸ்ராற் பண்ணினான். நின்றது. திரும்பவும் பண்ணினான். பின்னுக்கு உருண்டது. சுவிசில் அவனுக்குக் கியர் போடத் தேவையில்லாத கார். அவனுடைய இடது கால் ஒன்பது வருடமாகக் கிளச்சைக் கண்டதில்லை. முன்னால் மாடுகள் வந்து நின்று யோசித்தன. பின்னால் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில், பெட்டி நிறையச் சவுக்கங் கொப்புகளோடு நத்தார் மரம் விற்கப் போகிறவன், எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். கதிர்காமநாதன் மெல்லக் கதவைத் திறந்து இறங்கி, மதகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பீ! சுசிலாக்காட்டைக் குடுங்கோவன்!" என்று லாண்ட்மாஸ்ரர்க்காரன் கத்தினான். "அவா ஓட்டுவா!"

றஜித் இன்னொரு தரம் திருப்பினான். கார் ஒரு தரம் துள்ளி அடங்கியது. அவன் ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தான். முதுகு குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏலாதக்கா" என்றான். "என்னாலைதான் ஏலாது. வந்து எடு."

இறங்கிச் சுற்றிவந்து திறப்பை அவள் கையில் வைத்தான். கதிர்காமநாதனைப் பார்த்து, "அண்ணை, குறை நினையாதேங்கோ. கார் விக்கிறதுக்கில்லை. அக்காவின்ரை கார்" என்றான்.

"அது சந்தியிலேயே எனக்கு விளங்கிட்டுது" என்றார் அவர். "நான் இப்ப யோசிக்கிறது வவுனியா பஸ்ஸை. அது போயிருக்கும்."

சுசிலா இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கிளச்சை மிதித்து, காலை எடுக்கிற இடத்தில் மெல்ல எடுத்தாள். கார் மதகிலிருந்து இறங்கியது. மாடுகள் விலகின. லாண்ட்மாஸ்ரர்க்காரன் கோர்ன் அடித்தான். வீட்டுப் படலை வந்தது. சைக்கிளின் முன்சில்லைக் கையில் பிடித்தபடி யாக்கோப்பு நடு றோட்டில் நின்றான். அவள் வேகத்தைக் குறைத்தாள், நிற்பாட்டவில்லை.

"எங்கையப்பா போறாய்? பலகாரம் சுடேல்லையே?"

"நீங்கள் சுடுங்கோ! இவையை விட்டிட்டு வாறன்!"

"எங்கை மட்டும்?"

 வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "புளியங்குளம் மட்டும்! அங்கை வவுனியா பஸ் பிடிக்கலாம்!" சொன்ன பிறகுதான் அது எவ்வளவு தூரம் என்று அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் றஜித் இரண்டு கையாலும் டாஷ்போர்ட்டைப் பிடித்தான். சுசிலா மூன்றாம் கியரிலிருந்து நாலாம் கியருக்கு மாற்றினாள். இதுவரை ஒருநாளும் அவள் நாலாம் கியர் போட்டதில்லை.